சுவரைத் தகர்த்தவர்



புனித சின்னப்பர் (பவுல்) பெயரே மருவி நம் ‘சம்பா கோயில்’ ஆயிற்று. யூதரையும் பிற இனத்தாரையும் பிரித்த சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று அறிவிப்பது, அவர் பெயரால் வழங்கும் எபேசியர் திருமுகம். ஆனால், அவர் பெயர் தாங்கிய பழைய கோயிலுக்குள்ளேயே சாதிச் சுவர் நின்றது! ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர் முறையிட்டனர்; 1745-இல் அது இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் காண்கிறோம்.

மறைநூலை அது எழுந்த காலச் சூழலோடு படிக்கும்படி 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பணித்தது. அன்றைய சூழல், எருசலேம் ஆலயத்தில் பிற இனத்தாரைத் தடுத்த சுவர். இன்றைய சூழல்? கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் நாம் எழுப்பும் சுவர்கள். இவ்விஞ்ஞான யுகத்தில் விசுவாசம் எதற்கு என்று வினவும் நம் பிள்ளைகளுக்கு, அவற்றை இடிப்பதே நாம் தரும் விடை. இன்றே தொடங்குவோமாக!