அயல்நாட்டில் குடியேறுவோரும் வீட்டு மின்கருவிகளும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற நம்மவர் பலர், தம் மக்கள் வாழும் அயல்நாடுகளுக்குச் சென்று எஞ்சிய காலத்தை அவர்களோடு கழிக்கக் கருதுகின்றனர். பிரயாணம் நிச்சயமானவுடன் வீட்டில் எழும் விவாதம் யாதெனில், பல ஆண்டுகள் உழைத்த மிக்ஸியையும் கிரைண்டரையும் உடன் கொண்டு செல்வதா, அங்கே புதிதாய் வாங்குவதா என்பதே. இஃது அற்ப விஷயமெனச் சிலர் எண்ணலாம். சேமித்த பணத்தைக் கொண்டே காலங்கழிக்க வேண்டியவர்க்கு எச்செலவும் அற்பமன்று. தீ விபத்துக்கு இடந்தரும் எக்காரியமும் அற்பமன்று. ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வோம்.

மின்சாரம் எல்லா நாட்டிலும் ஒரே தன்மையதன்று. நம் நாட்டு வீடுகளில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் சாதாரணமாகக் கிடைப்பது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 1882-ஆம் ஆண்டில் எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் அமைத்த மின்நிலையம் ஏறக்குறைய 110 வோல்ட் அளவில் விளக்கெரித்தது. அன்று தொடங்கிய வழக்கு இன்றும் அங்கே நிலைத்திருக்கின்றது. சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளுக்குச் செல்வோர்க்கு இவ்விடரில்லை. அங்கே மின்சாரம் நம்முடையதை ஒத்தது. பிளக்கின் வடிவமே வேறு. நம் உருண்டை முனைகளுக்குப் பதிலாக மூன்று பட்டை முனைகள். அவ்விடங்களில் சுமையின் பாரமும் கருவியின் வயதுமே யோசிக்கத் தக்கவை.

அமெரிக்கா செல்வோர்க்கு மூன்று விஷயங்கள் தெளிவாதல் வேண்டும்.

முதலாவது, சூடு தரும் கருவிகள். 230 வோல்டுக்கென அமைந்த 1000 வாட் இஸ்திரிப் பெட்டி, 120 வோல்டில் ஏறக்குறைய 270 வாட் அளவே சூடேறும். துணியின் சுருக்கம் நீங்காது. மின்சாரச் சோற்றுக் குக்கருக்கும் வெந்நீர்க் கெட்டிலுக்கும் இதுவே கதி. இவற்றை இங்கேயே உறவினர்க்கு ஈந்துவிட்டு அங்கே வாங்குவதே நன்று.

இரண்டாவது, அடாப்டர் வேறு, டிரான்ஸ்பார்மர் வேறு. அடாப்டர் முனையின் வடிவத்தை மாற்றுமேயன்றி வோல்டை மாற்றாது. 750 வாட் மிக்ஸியை அங்கே ஓட்ட வேண்டின், அதனினும் மிக்க வாட் தாங்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதன் விலையும் பாரமும் சேர்ந்தால் மிக்ஸி கொண்டு சென்ற லாபம் எங்கே? சிறிய டிரான்ஸ்பார்மரில் பெரிய கருவியை மாட்டுவது ஆபத்து. அது சூடேறிப் புகைந்து தீக்கு வழியாகும்.

மூன்றாவது, டிரான்ஸ்பார்மர் வோல்டை மாற்றினாலும் ஹெர்ட்ஸை மாற்றாது. கிரைண்டரில் உள்ளது போன்ற மோட்டார், 50 ஹெர்ட்ஸுக்கென அமைந்ததாயின், 60 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு மிகுந்த வேகத்தில் சுழலும். அரைபடும் மாவு சூடேறும். மோட்டாரின் ஆயுளும் குறையலாம். கற்களோடு பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை விமானத்தில் ஏற்றி இப்பலனை அடைவானேன்? கோயம்புத்தூர்க் கிரைண்டரே 110 வோல்ட் அமைப்பில் அந்நாட்டு இந்தியக் கடைகளில் விற்கப்படுகின்றது.

அங்ஙனமாயின் கொண்டு செல்லத் தக்கவை யாவை? மடிக்கணினி, கைப்பேசி ஆகியவற்றின் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என அச்சிட்டிருப்பின் அடாப்டர் ஒன்றே போதும். காது கேட்கும் கருவியும் பாட்டரியால் இயங்கும் இரத்த அழுத்தக் கருவியும் கைப்பையிலேயே இருக்கட்டும். சர்க்கரை பார்க்கும் கருவிக்குரிய பட்டைகள் அங்கே கிடைக்குமா என்று முன்னரே மக்களைக் கொண்டு விசாரித்தல் நலம். மின்சாரமே வேண்டாத இட்டலித் தட்டு, தேங்காய்த் துருவி, அடுப்பில் வைக்கும் பிரஷர் குக்கர் ஆகியவற்றை எந்நாட்டுக்கும் ஐயமின்றிக் கொண்டு செல்லலாம்.

இன்னுமொன்று கூற விரும்புகின்றோம். புறப்படும் அவசரத்தில் ஊரிலுள்ள சாமான்கள் அனைத்தையும் கிடைத்த விலைக்கு விற்றுவிடாதீர்கள். அந்நாட்டுக் குளிரும் தனிமையும் உடம்புக்கும் மனத்துக்கும் ஒத்துக்கொள்கின்றனவா என்பது ஆறு திங்கள் கழிந்தபின்னரே தெரியவரும். திரும்பி வர நேரின், வெற்றுவீட்டில் மீண்டும் குடித்தனம் தொடங்குவது முதுமையில் பெருந்துன்பம்.

மக்களுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோர் பழைய மிக்ஸியைப் பெட்டியில் வைக்கும்போது நகையாதீர்கள். அவர்கள் கொண்டுவர விரும்புவது மிக்ஸியை அன்று. பிறர் கையை எதிர்பாராமல் தமக்கு வேண்டியதைத் தாமே சமைத்துக்கொள்ளும் உரிமையையே. ஆதலின் அவர்கள் வந்திறங்குமுன் ஒரு கிரைண்டரையும் மிக்ஸியையும் வாங்கி, கைக்கெட்டும் உயரத்தில் வைத்து, இயக்கும் முறையைப் பொறுமையோடு கற்பியுங்கள். அந்த அடுக்களை அன்றே அவர்களுடையதாகும்.

வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் என்னும் மூன்றையும் கருவியின் அடியிலுள்ள தகட்டில் படித்து முடிவு செய்யுங்கள். கருவியின்மேல் உள்ள ஆசையும் கொடுத்த விலையும் அப்புறம். செல்லும் நம்மவர் யாவரும் செல்லுமிடத்தில் நலமுற வாழ இறைவன் அருள்வானாக!