இயந்திரத்தின் மூச்சு



அரசாங்கப் பாடசாலை அதிபர் ஒருவர், அதிலும் கலைப் பட்டதாரி, மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயைப் பற்றிப் பேச வருவானேன் என்று உங்களிற் சிலர் ஐயுறக்கூடும். அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும் இப்பொருளை நான் தேடிச் செல்லவில்லை. அதுவே எனது பாடசாலை வாயிலைத் தேடி வந்தது. வந்ததும் அமைதியாக வரவில்லை. தெருவையே அதிர வைத்துக்கொண்டு வந்தது.

உயர்தர வகுப்பு மாணவர் தவணைப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த ஒரு முற்பகல் வேளை. முன்னாள் மாணவர் ஒருவர் நற்சான்றிதழ் பெறுவதற்காக மோட்டார் சைக்கிளில் வந்தார். அவர் தெருமுனையில் திரும்பியபொழுதே மண்டபத்தில் எழுதுகோல்கள் நின்றுவிட்டன. வாயிலை அணுகி அவர் வேகத்தைக் குறைத்தபொழுது, குழாயிலிருந்து படபடவென்று நாலைந்து வெடிச்சத்தங்கள் எழுந்தன. அங்கே கச்சான் விற்றுக்கொண்டிருந்த ஆச்சி, கடகத்தை அப்படியே விட்டுவிட்டு, இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு மதிலோரத்திற் குந்திவிட்டார். யுத்தம் 2009 ஆம் ஆண்டில் முடிந்தது. அவருடைய உடலுக்கு அது இன்னும் முடியவில்லை.

நான் சினத்தோடுதான் வாயிலுக்குச் சென்றேன். அந்த இளைஞரோ ஆச்சியைக் கண்டு முகம் வெளிறி நின்றார். பின்னர் என்னிடம், “சேர், சைலன்சரையும் எயார் பில்ரரையும் மாற்றினால் எஞ்சின் நன்றாக மூச்சு விடும் என்று சொன்னார்கள், அதனாலேதான் மாற்றினேன்” என்றார். மூச்சு என்ற அந்தச் சொல் என் சினத்தைத் தடுத்து நிறுத்தியது. அவர் சொன்னது பொய்யென்று மறுப்பதற்கு எனக்கு அறிவு போதாது. மெய்யென்று ஏற்பதற்கும் மனம் வரவில்லை. “தம்பி, வருகின்ற சனிக்கிழமை இருவருமாக இதனை அறிந்துகொள்வோம்” என்று சொல்லி அனுப்பினேன். எங்கள் பாடசாலையிற் படித்து இப்பொழுது கராஜ் நடத்தும் மற்றொரு பழைய மாணவரும், எமது விஞ்ஞான ஆசிரியரும் அன்று எனக்கு ஆசிரியர்களாயினர். அவர்களிடம் கற்றதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பெற்றோல் இயந்திரம் உண்மையில் மூச்சு விடுகின்ற ஒரு பொருளே. ஒரு கிராம் பெற்றோல் செவ்வையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கணக்குப் பார்த்தால், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று வேண்டும். நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும் நான்கு வீச்சு இயந்திரம், ஒவ்வொரு செக்கனிலும் 50 முறை காற்றை உள்ளிழுத்து, 50 முறை புகையை வெளிவிடுகின்றது. உட்செல்லும் வழி காற்று வடிகட்டியும் அதன் பெட்டியும். வெளிச்செல்லும் வழி புகைக்குழாயும் சைலன்சரும். இந்த இரண்டையும் விரித்துத் திறந்துவிட்டால் மூச்சு இலகுவாகும், வலிமை பெருகும் என்பதே இளைஞர்களின் எண்ணம். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கின்றது. அதிற் பாதி உண்மை. மற்றப் பாதியை விளங்கிக்கொள்ள நாதசுரத்தை நினைத்துப் பாருங்கள்.

நாதசுரக் குழலின் நீளத்தையும் துளைகளையும் செய்தவர் மனம்போன போக்கில் அமைப்பதில்லை. குழலினுள் ஓடித் திரும்பும் அலைகளே சுரத்தை நிர்ணயிக்கின்றன. புகைக்குழாயும் அத்தகைய ஒரு காற்றுக் கருவியே. புகை வால்வு திறந்தவுடன் ஓர் அமுக்க அலை குழாயினூடே பாய்கின்றது. குழாய் அகன்று திறக்கும் இடத்தை அடைந்ததும், அதிலிருந்து ஓர் உறிஞ்சும் அலை பின்னோக்கித் திரும்புகின்றது. இரு வால்வுகளும் சிறிது திறந்திருக்கின்ற அந்தக் கணத்தில் அது வந்து சேருமானால், எஞ்சிய புகையை வெளியே இழுத்து, புதிய கலவையையும் உள்ளே வரவழைக்கும். முன்னதாக வந்தாலும் பிந்தி வந்தாலும் அந்தப் பயன் கிடையாது. எந்த வேகத்தில் அது தக்க தருணத்தில் வரவேண்டும் என்று கணித்தே குழாயின் நீளத்தையும் உள்ளமைப்பையும் வகுக்கின்றார்கள். நாம் குழாயை வெட்டிக் குறுக்கினால் அலை முன்னதாகத் திரும்புகின்றது. அதியுயர் சுழற்சியில் அதனாற் சிறிது நன்மை விளையலாம்; நாள்தோறும் சந்தைக்கும் வேலைக்கும் ஓடுகின்ற நடுத்தர வேகத்தில் இழுவை குறைந்துவிடும்.

இதற்கு வரலாற்றில் ஒரு சிறந்த சான்று உண்டு. கிழக்கு ஜெர்மனியில் எம். இசட். தொழிற்சாலையின் பந்தய வண்டிகளை வடிவமைத்தவர் வால்ட்டர் காடன் என்ற பொறியியலாளர். இரு வீச்சு இயந்திரத்தின் புகைக்குழாயை அவர் அலைகளின் கணக்குப்படி உருவாக்கினார். 1961 ஆம் ஆண்டளவில் 125 கன சென்ரிமீற்றர் மட்டுமே கொண்ட அவரது இயந்திரம் 25 குதிரைவலு தந்தது. அவ்வாண்டில் அவரது ஓட்டவீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது மேற்கு நாடுகளின் பக்கம் சென்றுவிட்டார். அந்த நுட்பமும் அவருடன் யப்பானின் சுசுக்கி நிறுவனத்தைச் சென்றடைந்தது. மறு ஆண்டு, 1962 இல், 50 கன சென்ரிமீற்றர் வகுப்பின் உலகப் பட்டத்தை அவர் சுசுக்கி வண்டியில் வென்றார். ஒரு புகைக்குழாயின் வடிவம் நாடு கடந்து செல்லும் இரகசியமாயிற்று என்றால், அதன் பெறுமதியை நீங்களே மதித்துக்கொள்ளலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காடன் குழாயை வெறுமனே திறந்துவிடவில்லை. முதலில் விரியவும் பின்னர் மீண்டும் ஒடுங்கவும் செய்தார். விரிந்த பகுதி புகையை வெளியே இழுத்தது. ஒடுங்கிய பகுதி, தப்பியோட முயன்ற புதிய கலவையைத் திரும்பவும் உள்ளே தள்ளியது. வலிமை திறப்பினால் வரவில்லை, அளவினால் வந்தது. சைலன்சரின் உட்தகடுகளைக் கழற்றி எறிபவர் ஒலியைப் பெறுகின்றார். காடனின் கணக்கைப் பெறுவதில்லை.

இனி, உள்வரும் மூச்சைப் பார்ப்போம். வடிகட்டி இருக்கும் கறுத்தப் பெட்டியை இடத்தை அடைக்கும் வீண்பொருள் என்று பலர் கழற்றிவிட்டு, கூம்பு வடிவான திறந்த வடிகட்டியைப் பூட்டுகின்றனர். அந்தப் பெட்டி மூன்று வேலைகள் செய்கின்றது. இயந்திரத்தின் வெப்பம் படாத, சலனமற்ற காற்றைச் சேமித்துக் கொடுக்கின்றது. உறிஞ்சும் ஒலியை அடக்குகின்றது. மழைநீரையும் பெருந்தூசியையும் தடுக்கின்றது. அது போனபின் இயந்திரம் தன் சூட்டையே தான் சுவாசிக்கின்றது. சூடான காற்றோ அடர்த்தி குறைந்தது. எங்கள் செம்மண் தெருக்களின் புழுதி தரமற்ற வலையினூடே நுழைந்தால், சிலிண்டரின் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் அரத்தாள் போலத் தேய்க்கும். பின்னர் நீலப்புகை கிளம்பும். ஒயில் எரிகின்றது என்பதற்கு அதுவே அடையாளம்.

காற்று உண்மையாகவே கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோலும் அதற்கேற்பக் கூடாவிட்டால் கலவை மெலிந்து, இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகும். கராஜ்காரர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். தேநீர் நிறமாயிருந்தால் கலவை செவ்வை. வெண்மையாய் வெளுத்திருந்தால் மெலிவு. கரி படிந்திருந்தால் மிகை. நமது இளைஞரின் பிளக் முதலில் வெளுத்திருந்ததாம். பரிகாரமாக யாரோ காபரேற்றரில் பெரிய ஜெற்றைப் போட, இப்பொழுது கரி படிந்திருந்தது. கணினியாற் கலவையை ஒழுங்குசெய்யும் புதிய வண்டிகளில் ஒட்சிசனை அளக்கும் ஓர் உணரி புகைக்குழாயில் இருக்கின்றது. குழாயின் பொருத்து சரியாக இறுகாமல் வெளிக்காற்று உட்புகுந்தால், அந்த உணரியும் ஏமாந்து தேவையின்றிப் பெற்றோலைக் கூட்டிவிடும். ஆச்சியைக் குந்த வைத்த வெடிச்சத்தமும் இத்தகையதே. எரியாமல் வந்த பெற்றோல் ஆவி, குழாயின் சூட்டிலே காற்றைச் சந்தித்து வெடித்த ஓசைதான் அது. வலிமையின் முழக்கமென்று பலர் அதனை எண்ணுகின்றனர். வீணாய்ப்போன பெற்றோலின் ஓலம் என்பதே பொருத்தம்.

நேயர்களே, இயந்திரத்தை மாற்றுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. சொல்லும் தகுதியும் எனக்கில்லை. 1990 ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணத்தில் எரிபொருட் தடை நிலவிய காலத்தில், நாங்களும் இயந்திரத்தின் மூச்சில் கைவைத்தவர்களே. காற்றுக் குழாயினுள் சில துளி பெற்றோலைச் சிந்தி உதைத்து, இயந்திரம் சூடானபின் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கரும்புகை கக்கியது, கரி அடைத்தது, கழற்றிச் சுரண்டினோம். நோயாளரையும் கர்ப்பிணிகளையும் அந்த வண்டிகளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றன. அந்த மாற்றத்தின் தீமையை நாம் அறிந்திருந்தோம். தேவைக்காக அதனை ஏற்றோம். ஆகவே, மாற்றலாமா என்பதன்று கேள்வி. எதற்காக மாற்றுகின்றோம், அதன் விலை என்ன, அவ்விலையைச் செலுத்துபவர் யார் என்பவையே கேள்விகள்.

விலையை அறிய அந்தச் சனிக்கிழமை ஒரு பரிசோதனை செய்தோம். பழைய சைலன்சரும் வடிகட்டிப் பெட்டியும் இளைஞரின் வீட்டிற் பத்திரமாயிருந்தன. அளந்த 500 மில்லிலீற்றர் பெற்றோல், ஒரே ஓட்டுநர், ஒரே தெரு, மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம். மாற்றிய நிலையில் வண்டி 19 கிலோமீற்றர் ஓடி நின்றது. பழைய உறுப்புகளையும் பழைய ஜெற்றையும் பூட்டியபின் 23 கிலோமீற்றர் ஓடியது. பின்னே ஓர் அரிசி மூடையைக் கட்டி நிலையிலிருந்து புறப்படச் செய்தபொழுதும் பழைய அமைப்பே முந்தியது. ஒரு வண்டியிற் கண்டதை எல்லா வண்டிகளுக்கும் விதியாக்கக் கூடாது என்று விஞ்ஞான ஆசிரியர் எச்சரித்தார், அது முறையே. அதியுயர் வேகத்தில் மாற்றிய வண்டி சற்று விரைவாக ஓடும் என்பதைக் கராஜ்காரரும் மறைக்கவில்லை. ஆனால், அந்த வேகத்தில் ஓடுவதற்கு எங்கள் ஊரில் தெரு எங்கே இருக்கின்றது?

புகையின் விலை வேறு. புதிய வண்டிகள் பலவற்றின் குழாயினுள் பிளாட்டினம், பலேடியம், றோடியம் முதலிய உலோகங்கள் பூசிய ஓர் ஊக்கி உண்டு. காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சையும், எரியாத ஐதரோகாபன்களையும், நைதரசன் ஒட்சைட்டுகளையும் அது தீங்கு குறைந்தவையாக மாற்றுகின்றது. ஈயம் கலந்த பெற்றோல் இந்த ஊக்கியைக் கெடுத்துவிடும். இலங்கையில் அத்தகைய பெற்றோல் 2002 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. முழுக்குழாயையும் கழற்றி எறியும்பொழுது அந்த ஊக்கியும் போய்விடுகின்றது. அதன்பின் அந்தப் புகையைச் சுவாசிப்பவர் ஓட்டுநர் அல்லர். பின்னால் சைக்கிளில் வரும் பிள்ளையே.

ஒலியின் விலையும் அவ்வாறே. டெசிபெல் அளவில் மூன்று கூடினால் ஒலியின் சக்தி இரு மடங்காகின்றது. 85 டெசிபெல் ஒலியில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்பது தொழிலாளரின் செவியைக் காக்க வகுத்த ஓர் அளவு. அதே கணக்கில் 100 டெசிபெலுக்குப் பதினைந்து நிமிடமே உண்டு. உரத்த சத்தம் விபத்தைத் தடுக்கும் என்று சிலர் வாதிப்பர். குழாயின் வாய் பின்னோக்கியே இருக்கின்றது; ஆபத்தோ பெரும்பாலும் முன்னாலே வருகின்றது. நமது மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. புகைப் பரிசோதனை 2008 இல் தொடங்கியது. சட்டம் தெருவில் பிடிக்கலாம், தண்டம் விதிக்கலாம். ஆச்சியின் நடுக்கத்துக்குத் தண்டம் அறவிட எந்தச் சட்டத்தாலும் இயலாது.

இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. இயந்திரத்தை ஆராயும் ஆசை நல்ல ஆசை, அதனை விடவேண்டாம். வடிகட்டியைக் காலந்தவறாது துப்புரவாக்குங்கள், பிளக்கின் நிறத்தைப் பாருங்கள், சங்கிலியை இறுக்குங்கள், சக்கரத்தின் காற்றை அளவுபார்த்து நிரப்புங்கள். இவற்றால் வரும் நன்மைக்குப் பெருஞ்செலவில்லை. அதற்குமேல் ஏதேனும் மாற்ற விரும்பினால், முதலில் அளந்து பாருங்கள். மாற்றிய பின்னும் அளந்து பாருங்கள். செவியை மட்டும் நீதிபதியாக்காதீர்கள். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒன்று சொல்வேன். ஏசுவதற்கு முன் ஒரு சனிக்கிழமையை அவர்களோடு செலவிடுங்கள்.

நமது இளைஞர் பழைய சைலன்சரை அன்று மாலையே நிரந்தரமாகப் பூட்டினார். நான் அதனைக் கட்டளையிடவில்லை. மறு திங்கட்கிழமை நற்சான்றிதழ் பெற மீண்டும் வந்தார். வாயிலில் வண்டியை நிறுத்தி, ஆச்சியிடம் கச்சான் வாங்கி, “ஆச்சி, அண்டைக்கு உங்களைப் பயப்படுத்திப்போட்டன்” என்றார். அந்த வண்டியிலேதான் அவர் வந்தார் என்பதை ஆச்சி அறியவில்லை. “நீயோ மோனை அண்டைக்கு வந்தது?” என்று வியப்போடு கேட்டு, சுருளில் இன்னொரு பிடி கச்சானை அள்ளிப் போட்டார்.