உடைந்த முன்பல்லும் முற்றாத வேரும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய சுகாதாரக் கருத்தரங்கில் பற்சிகிச்சை நிபுணரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



வலைப்பந்து விளையாடும் பிள்ளைக்கு முழங்கால் உரஞ்சினால் உடனே மருந்து போடுகிறோம். முன்பல் உடைந்தால், "நோ இல்லைத்தானே, பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறோம். அந்தப் 'பிறகு' பற்றியே இன்று பேச வந்தேன்.

மேல் முன்பற்கள் 7, 8 வயதில் முளைக்கின்றன. ஆனால் வேர் முற்ற மேலும் ஏறக்குறைய 3 வருடங்கள் செல்லும். அதுவரை வேரின் சுவர் மெல்லியது, நுனி திறந்திருக்கும். வேரை வளர்ப்பது பல்லின் நடுவேயுள்ள மச்சை. அடிபட்டு மச்சை இறந்தால் வேரின் வளர்ச்சியும் நின்றுவிடும். பின்னர் ஒரு சிறு அடியிலும் பல் கழுத்தோடு முறியலாம்.

முன்னர் இப்பல்லினுள் கல்சியம் ஐதரொட்சைட்டுப் பசையை மாதக்கணக்கில் வைத்து, நுனி மூடும்வரை காத்திருந்தோம். நுனி மூடியது, ஆனால் பசை நீண்ட காலம் இருந்தால் வேர் பலமிழக்கும் என்பதை, செம்மறியாட்டுப் பற்களில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு காட்டியது.

1990களில் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் எம்.ரி.ஏ. என்ற சீமெந்து உருவானது. வீடு கட்டும் போட்லண்ட் சீமெந்தின் இனம், ஈரத்திலேயே இறுகும். இதனால் நுனியை 4, 5 மில்லிமீற்றர் அளவுக்கு அடைக்கிறோம். இறுகியபின், மேலே பல் நிறக் கொம்பொசிற்றைச் சுவரோடு ஒட்டும்படி படைபடையாக நிரப்புகிறோம். மெல்லிய சுவருக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுப்பதுபோல அது வேரைத் தாங்கும். ஆயினும் தானாக வளர்ந்த சுவருக்கு எந்தப் பொருளும் ஈடாகாது.

மச்சை உயிரோடிருக்கையில் பிள்ளையைக் கொண்டுவந்தால், வெளித்தெரியும் மச்சையில் சிறு பகுதியை மட்டும் அகற்றி மூடிவிடலாம். பெரும்பாலும் வேர் தானே வளர்ந்து தடிக்கும்.

ஆகவே, உடைந்த துண்டைப் பாலில் இட்டு அன்றே பல் வைத்தியரிடம் செல்லுங்கள். நிலையான பல் முழுதாகக் கழன்றால் வேரைத் தொடாது எடுத்து, அழுக்கிருந்தால் மெல்ல அலசி, குழியில் திரும்ப வையுங்கள். இயலாவிட்டால் பாலில் இடுங்கள். பாற்பல்லைத் திரும்ப வைக்கக்கூடாது. நோ நின்றாலும் தவணை தவறாதீர்கள். பல் கறுத்தாலோ முரசில் கொப்புளம் வந்தாலோ தாமதிக்காதீர்கள்.

இந்தச் சில வரிகளை எழுதிப் பாடசாலையின் முதலுதவிப் பெட்டி மூடியில் ஒட்டிவிடும்படி சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.