கட்சிக்குள் கட்சி



கேரளத்தில் பலமுறை ஆட்சி நடத்திய மார்க்ஸிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் நிகழ்ந்த கோஷ்டிப் போராட்டத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். சரித்திரம் கற்பித்த ஆசிரியன் என்ற முறையில்தான் பேசுகிறேன். எந்தக் கட்சிக்காகவும் வழக்காட வரவில்லை. கேரளத்துக் கதைக்குத் திருச்சிராப்பள்ளியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கதையின் முதல் ஏடுகளில் ஒன்று நம் ஊரில் கிடக்கிறது.

பொன்மலை ரயில்வே தொழிற்சாலையை அறியாதவர் இவ்வட்டாரத்தில் இல்லை. 1946-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அங்கே சங்கத் திடலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து தொழிலாளர்கள் மாண்டனர். அந்தத் தொழிலாளர்களிடையே உழைத்து வளர்ந்த தலைவர்கள் அனந்தன் நம்பியார், எம். கல்யாணசுந்தரம், ஆர். உமாநாத் முதலியோர். ஒரே கொடி, ஒரே சங்கம், ஒரே சிறை என்று இருந்தவர்கள். 1962-ஆம் ஆண்டு நம் திருச்சி நாடாளுமன்றத் தொகுதியில் நம்பியார் கம்யூனிஸ்ட் வேட்பாளராக நின்று வென்றார். 1967-இலும் அவரே வென்றார். ஆனால் இம்முறை மார்க்ஸிஸ்ட் கம்யூனிஸ்ட். 1971-இலும் 1977-இலும் வென்றவர் கல்யாணசுந்தரம். இவர் இந்தியக் கம்யூனிஸ்ட். 1977-இல் நான் மாணவன். சுவரின் ஒரு பாதியில் கதிர் அரிவாளும் மறு பாதியில் அரிவாள் சுத்தியல் நட்சத்திரமும் எழுதியிருக்கும். அந்தத் தேர்தலில் ஒரு கட்சி அண்ணா தி.மு.க. அணியிலும் மற்றது தி.மு.க. அணியிலும் இருந்தது. அண்ணன் தம்பியர் ஏன் எதிரெதிர் வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று எங்களுக்கு அன்று விளங்கவில்லை.

விளக்கம் 1964-இல் இருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1962 ஜனவரியில், கட்சியின் பொதுச்செயலாளர் அஜய் கோஷ் காலமானார். இடது பக்கத்தாரும் வலது பக்கத்தாரும் ஒருவரையொருவர் நம்பாத காலம் அது. ஆகவே அதுவரை இல்லாத தலைவர் பதவி ஒன்றைப் படைத்து எஸ்.ஏ. டாங்கேயை அமர்த்தினர், இ.எம்.எஸ். நம்பூதிரிபாடைப் பொதுச்செயலாளராக்கினர். பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டு ஆளுக்கொரு சாவி கொடுத்த ஏற்பாடு. அவ்வாண்டு இறுதியில் சீன யுத்தம் வந்தது. இடது பக்கத்தார் பலர் சிறை சென்றனர். 1924-இல் டாங்கே சிறையிலிருந்து பிரிட்டிஷ் அரசுக்கு எழுதியவை என்று சில கடிதங்கள் 1964 மார்ச்சில் பத்திரிகையில் வெளிவந்தன. அவை போலி என்றார் டாங்கே. ஏப்ரல் 11-ஆம் நாள் டில்லியில் கூடிய தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் எழுந்து வெளியேறினர். இவர்களுள் கடைசிவரை உயிருடன் இருந்தோர் இருவர்: நம் தமிழகத்தின் என். சங்கரய்யா, கேரளத்தின் வி.எஸ். அச்சுதானந்தன். முன்னவர் 2023 நவம்பரிலும் பின்னவர் 2025 ஜூலையிலும், நூறு வயதைக் கடந்து மறைந்தனர்.

இந்த இடத்தில் ஸ்ரீரங்கத்துக்காரன் ஒருவனுக்கு ஒரு நினைவு வராமல் இராது. வைணவத்தில் வடகலை, தென்கலை எனப் பிரிவு வந்தது நுட்பமான ஒரு தத்துவக் கேள்வியால். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல் ஜீவன் இறைவனைப் பற்ற வேண்டுமா, அல்லது பூனைக்குட்டியைத் தாய் கவ்விச் செல்வதுபோல் அவனே காப்பானா என்பது கேள்வி. இத்தகைய பேதங்கள் பதினெட்டு என்று பெரியோர் கணக்கிட்டனர். ஆனால் பிற்காலத்தில் நீதிமன்றங்கள் வரை சென்ற வழக்குகள் குரங்கைப் பற்றியும் பூனையைப் பற்றியும் அல்ல. கோயிலில் எந்தத் திருமண் இடுவது, யார் முன்னால் நின்று பாசுரம் சேவிப்பது என்பவை பற்றியே. கருத்தில் தொடங்கிய பிரிவு உரிமையிலும் பதவியிலும் வந்து உறைந்துவிடும். கேரளத்தில் நடந்ததும் பெரும்பாலும் இதுவே.

அதைப் புரிந்துகொள்ள ஜனநாயக மத்தியத்துவம் என்னும் விதி ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். முடிவெடுக்கும் வரை எவரும் எதையும் விவாதிக்கலாம். முடிவெடுத்தபின் சிறுபான்மை பெரும்பான்மைக்கும், கீழ்க்கமிட்டி மேல்கமிட்டிக்கும் கட்டுப்பட வேண்டும். 1921 மார்ச்சில் ருஷ்யக் கட்சியின் பத்தாவது மாநாட்டில் லெனின் இன்னொரு படி சென்று, கட்சிக்குள் கோஷ்டி அமைப்பதையே தடை செய்தார். கிரான்ஸ்டாட் கடற்படை வீரர்கள் கலகம் செய்துகொண்டிருந்த நெருக்கடி நேரம் அது. நெருக்கடி தீர்ந்தது, தடை தீரவில்லை. மறு ஆண்டு ஸ்டாலின் பொதுச்செயலாளரானார். யாரை எங்கே நியமிப்பது என்ற சாதாரண அலுவலகக் காரியம் அவர் கைக்கு வந்தது. மற்றவர்கள் மேடையில் வாதாடிக்கொண்டிருந்தபோது அவர் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். 1934 மாநாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட மத்தியக் குழுவினர் 139 பேரில் 98 பேர் கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்பதை 1956-இல் குருஷ்சேவே தம் கட்சியாரிடம் கூறினார்.

கேரளத்தில் அமைப்பு இதே அச்சில் வார்த்ததுதான். கிளையிலிருந்து படிப்படியாக மாநிலம் வரை மாநாடுகள் நடக்கும். கீழ் மாநாடு மேல் மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பும். மாநில மாநாட்டின் முடிவில், பழைய கமிட்டியே புதிய கமிட்டிக்கான பட்டியலை முன்வைக்கும். அந்தப் பட்டியலுக்கு வெளியே ஒருவர் போட்டியிட விதி இடம் தருகிறது, துணிகிறவர் சிலர்தாம். எனவே ஒரு மாநில மாநாட்டைப் பிடிக்க வேண்டுமானால் அதற்கு மாதக்கணக்கில் முன்னதாகச் சின்னஞ்சிறு கிளைகளில் ஆள் சேர்க்க வேண்டும். வெளிப்படையாக எதிர்க்கருத்து வைத்து ஆதரவு திரட்டினால் கோஷ்டிக் குற்றம். ஓசையின்றிப் பட்டியல் தயாரித்தால் அமைப்புப் பணி. மலையாளிகள் இதற்கு விபாகீயத என்று பெயர் வைத்தார்கள். சைவ உணவு விடுதியில் தேநீர் குடிப்பவர்கூட அச்சொல்லை அறிவர்.

எம்.வி. ராகவன் வெளிப்படையாகச் செய்தார். முஸ்லிம் லீக் போன்ற கட்சிகளுடன் கூட்டுச் சேர்ந்தாலன்றிக் காங்கிரஸை வீழ்த்த முடியாது என்று 1985-இல் மாற்று அறிக்கை ஒன்றை எழுதி முன்வைத்தார். 1986-இல் கட்சி அவரை வெளியேற்றியது. அப்போது மாநிலச் செயலாளராக இருந்தவர் அச்சுதானந்தன் என்பதை நினைவில் வையுங்கள். பிற்காலத்தில் அவரைத் தனிமனிதப் போராளியாக மட்டும் சித்திரிப்போர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கே.ஆர். கௌரியம்மாளின் கதையைச் சற்று நின்று கேட்க வேண்டும். 1957-இல் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் அவர் வருவாய்த்துறை அமைச்சர். புகழ்பெற்ற நிலச்சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தவர். அதே அமைச்சரவையில் இருந்த டி.வி. தாமஸை அவ்வாண்டே மணந்தார். 1964 பிளவில் தாமஸ் இந்தியக் கம்யூனிஸ்டில் நின்றார். கௌரியம்மாள் மார்க்ஸிஸ்டுக்குச் சென்றார். 1967-இல் இரு கட்சிகளும் சேர்ந்து அமைத்த அமைச்சரவையில் இருவரும் அமைச்சர்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு கட்சி. அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை. கட்சிக்காக அதையும் தாங்கிய அந்த அம்மையார்தாம் முதலமைச்சர் ஆவார் என்று 1987 தேர்தலின்போது நாடெங்கும் பேச்சு. வென்றபின் இ.கே. நாயனார் முதலமைச்சரானார். 1994-இல் கௌரியம்மாளைக் கட்சி வெளியேற்றியது. அவர் தனிக்கட்சி கண்டு, 2001-இல் காங்கிரஸ் அணியின் அமைச்சரவையில் அமர்ந்தார். 2021-இல், 101 வயதில் மறைந்தார். கேரளத்துக்கு இதுவரை ஒரு பெண் முதலமைச்சர் வாய்த்ததில்லை. அந்த நாற்காலிக்கு மிக அருகில் சென்றவர் அவரே என்பது என் எண்ணம்.

1996-இல் இடதுசாரி அணி மாநிலத்தில் வென்றது. முதலமைச்சராகக் கூடியவர் எனக் கருதப்பட்ட அச்சுதானந்தன் மட்டும் மாராரிக்குளத்தில், கட்சியின் கோட்டையில், 1,965 வாக்கில் தோற்றார். தோற்கடித்தவர் எதிர்க்கட்சியார் மட்டும் அல்லர் என்று கட்சியே கருதிற்று. தன் ஆட்கள் மீது நடவடிக்கையும் எடுத்தது. தேர்தலில் நிற்காத நாயனார் மீண்டும் முதலமைச்சரானார். இரண்டு ஆண்டு கழித்துப் பாலக்காட்டு மாநாட்டில், தொழிற்சங்கத் தலைவர்களின் அணியை அச்சுதானந்தன் தரப்பு வாக்கெடுப்பில் வீழ்த்தியது. அன்று அவரோடு தோளோடு தோள் நின்றவர் பினராயி விஜயன். அவ்வாண்டே மாநிலச் செயலாளரான விஜயன் 2015 வரை அப்பதவியில் இருந்தார். தோழமை அதிக காலம் நீடிக்கவில்லை. 2005-இல் மலப்புரம் மாநாட்டில் பட்டியலுக்கு எதிராக அச்சுதானந்தன் தரப்பிலிருந்து 12 பேர் போட்டியிட்டனர், பன்னிருவரும் தோற்றனர். பாலக்காட்டில் எடுத்த ஆயுதம் மலப்புரத்தில் திரும்பி வந்தது.

ருஷ்யாவாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். 2006 சட்டமன்றத் தேர்தலில் அச்சுதானந்தனை நிறுத்துவதில்லை என்று மாநிலத் தலைமை தீர்மானித்தது. உடனே ஊர் ஊராக மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் கட்சி உறுப்பினர்களே அல்லர். கமிட்டிகளில் அவர்களுக்கு ஒரு வாக்கும் கிடையாது. ஆனால் தேர்தலில் வாக்கு உண்டு. அரசியல் தலைமைக்குழு தலையிட்டது. அவர் மலம்புழாவில் நின்றார். 140 இடங்களில் 98 இடதுசாரி அணிக்குக் கிடைத்தன. எண்பதைக் கடந்த வயதில் அவர் முதலமைச்சரானார். கட்சிக்குள் தோற்றவரை வாக்குப்பெட்டி மேலே தூக்கி வைத்தது. இரு கோஷ்டிகள் மல்லாடும்போது மூன்றாவதாக ஒரு நடுவர் இருந்தார் என்பதுதான் மாஸ்கோவுக்கும் திருவனந்தபுரத்துக்கும் உள்ள வேற்றுமை. இந்த வேற்றுமையைப் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை.

தூக்கி வைத்ததே தவிர, அதிகாரத்தை அது கொடுக்கவில்லை. உள்துறை கோடியேரி பாலகிருஷ்ணனிடம் சென்றது. போலீஸ் முதலமைச்சர் கையில் இல்லை. மூணாற்றில் ஆக்கிரமிப்புக் கட்டடங்களை அவர் 2007-இல் இடிக்கத் தொடங்கியபோது, எதிர்ப்பு அவர் அணிக்குள்ளிருந்தே எழுந்தது. பணி பாதியில் நின்றது. அரசாங்கத் தலைவர் ஒருவர், கட்சித் தலைவர் வேறொருவர். இருவரும் பத்திரிகைகள் வாயிலாகச் சொற்போர் நடத்தினர். அவ்வாண்டு மே 26 அன்று அரசியல் தலைமைக்குழு இருவரையுமே அக்குழுவிலிருந்து தற்காலிகமாக நீக்கிற்று. வகுப்பில் சண்டையிட்ட இரண்டு பிள்ளைகளையும் வெளியே நிறுத்தும் உபாத்தியாயர் முறை! நானும் அதைச் செய்திருக்கிறேன். வெளியே நின்று அவர்கள் சண்டையைத் தொடர்வதையும் பார்த்திருக்கிறேன். சில மாதங்களில் இருவரும் திரும்பச் சேர்க்கப்பட்டனர். 2009 ஜூலையில் அச்சுதானந்தன் மட்டும் அக்குழுவிலிருந்து விலக்கப்பட்டார், முதலமைச்சராக நீடித்தார். 2011 தேர்தலில் அவரை முன்னிறுத்திய அணி 68 இடம் பெற்று, 72 பெற்ற காங்கிரஸ் அணியிடம் தோற்றது. 2016-இல் அணி மீண்டும் வென்றபோது முதலமைச்சரானவர் விஜயன், 2021-இலும் அவரே.

கேரளத்துக் கோஷ்டிப் போராட்டத்தைப் பற்றி இதுவரை சொன்னதில் யாரும் உயிரிழக்கவில்லை. இனிச் சொல்வது அப்படியன்று. வடகரைக்கு அருகே ஒஞ்சியம் என்றோர் ஊர். 1948-இல் போலீஸ் துப்பாக்கிக்குக் கம்யூனிஸ்டுகள் பலியான ஊர் அது. கட்சியின் பழைய நிலம். அங்கே டி.பி. சந்திரசேகரன் என்னும் உள்ளூர்த் தலைவர் 2008-இல் கட்சியை விட்டு விலகித் தனி அமைப்புக் கண்டார். பெரிய அமைப்பன்று, ஆனால் தேர்தலில் மார்க்ஸிஸ்ட் வாக்கைப் பிரிக்கப் போதுமானது. 2012 மே 4 இரவு, மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவரைக் காரில் வந்த கும்பல் மோதி வீழ்த்தி வெட்டிக் கொன்றது. உடலில் 51 காயங்கள். கட்சி தனக்குத் தொடர்பில்லை என்றது. 2014 ஜனவரியில் கோழிக்கோடு நீதிமன்றம் தண்டித்தவர்களுள் அக்கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர்களும் இருந்தனர். 2024-இல் உயர் நீதிமன்றம் அத்தண்டனைகளை உறுதி செய்து, மேலும் இருவரைக் குற்றவாளிகளாக்கியது.

கொலை நடந்த அடுத்த மாதம், ஓர் இடைத்தேர்தலின் வாக்குப்பதிவு நாளன்று, அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அச்சுதானந்தன் ஒஞ்சியத்துக்குச் சென்று, சந்திரசேகரனின் மனைவி கே.கே. ரமாவைக் கண்டு ஆறுதல் கூறினார். அவர் கட்சியில் பலருக்கு அது பொறுக்கவில்லை. ரமா அவ்வமைப்பை நடத்தினார். 2016-இல் வடகரையில் நின்று தோற்றார். 2021-இல் மீண்டும் நின்று வென்றார். விஜயன் இரண்டாம் முறை முதலமைச்சராக அமர்ந்த அந்தச் சட்டமன்றத்தில், மறைந்த கணவரின் படம் பொறித்த சின்னத்தைப் புடைவையில் அணிந்து வந்து உறுப்பினராக உறுதிமொழி எடுத்துக்கொண்டு, எதிர்க்கட்சி வரிசையில் சென்று உட்கார்ந்தார்.