வளர்ப்பதைத் தடுக்கவில்லை மார்க்கம்



பிறர் பிள்ளையை வளர்ப்பது பற்றிப் பேச்செடுத்தாலே, "மார்க்கத்தில் தத்தெடுத்தல் இல்லையே, ஹஜ்ரத்!" என்று பலரும் ஒதுங்கிக்கொள்கின்றனர். தடுக்கப்பட்டது வம்சத்தை மாற்றுவதேயன்றி வளர்ப்பதன்று. ஜைத் (ரலி) அவர்களை மக்கள் முஹம்மதின் மகன் என்றே அழைத்து வந்தனர். அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இறங்கியபின் அவர் மீண்டும் ஹாரிஸாவின் மகனானார். ஆனால் அன்பு குறைந்ததா? மூத்தா போரில் நபி (ஸல்) அவர்கள் கொடியை முதலில் ஒப்படைத்தது அவரிடமே! பாட்டனார் இல்லத்திலும் பெரிய தந்தையார் இல்லத்திலும் வளர்ந்த யத்தீமல்லவா நம் நபி!

நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் கூறும் வளர்ப்புப் பராமரிப்பு இதற்கு மிக நெருக்கமானது. குழந்தைகள் நலக் குழு விசாரித்து, குறிப்பிட்ட காலத்திற்குப் பிள்ளையை ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கிறது. தந்தை பெயர் மாறாது. பெற்றோர் இருப்பின், பிள்ளையின் நலனுக்குக் கேடில்லாதவரை, வந்து பார்க்கலாம். அவர்கள் நிலைமை சீரானால் பிள்ளை திரும்பிவிடும். அந்தப் பிரிவைத் தாங்குவதே, செலவைவிடக் கடினமானது.

ரமளானில் யத்தீம்கானாவுக்குப் பிரியாணி அனுப்புகிறோம், நல்லதுதான். நள்ளிரவில் காய்ச்சலடிக்கும் பிள்ளையின் நெற்றியில் கைவைப்பவர் யார்?

மிஷன் வாத்சல்யா திட்டத்தில் கிடைக்கும் மாதம் 4,000 ரூபாய் பிள்ளைக்குரிய அமானிதம். பால்குடி உறவு ஏற்படும் வயதைக் கடந்த பிள்ளைகளே பெரும்பாலும் வருவதால், பருவமடைந்தபின் மஹ்ரம் சட்டங்களைப் பேண வேண்டும். வாரிசுப் பங்கு இல்லாவிடினும், சொத்தில் மூன்றிலொரு பங்கு வரை வஸிய்யத் எழுதலாம். விரும்புவோர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள். குழுவின் ஆணையின்றி எந்தப் பிள்ளையையும் வீட்டிற்கு அழைத்து வந்துவிடாதீர்கள்.