மேசைமேல் இருந்தவை



சித்திர வகுப்பில் மண்குடத்தையும் வாழைப்பழச் சீப்பையும் பார்த்து வரைந்தவர்கள்தான் நாம் எல்லோரும். அசையாப் பொருள் ஓவியம் அந்தப் பயிற்சியோடு முடிந்துவிடவில்லை.

17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியர்கள் வாடும் பூவையும் மண்டையோட்டையும் தீட்டி, ஆயுள் கொஞ்சம் என்றார்கள். 2001இல் இங்கிலாந்தின் சாம் டெய்லர்-வூட் அதையே அசையும் படமாக்கினார். குவித்து வைத்த பழங்கள் நாலே நிமிடத்துக்குள் பூஞ்சணம் பிடித்து, குழைந்து, கறுத்துப் போகின்றன. பக்கத்தில் ஒரு மலிவான பிளாஸ்ரிக் பேனை. அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

அழுகல் வைத்தியர்களான எங்களுக்குப் பழகிய சங்கதி. அந்தப் பேனைதான் தொந்தரவு செய்கிறது. வாட்டில் ஒருவர் இறந்தபின் கட்டிலோரச் சிறு அலுமாரியை வெறுமையாக்கும்போது நாங்கள் காண்பதும் அதுதான்: மூக்குக்கண்ணாடி, சுடுதண்ணீர்ப் போத்தல், பாதி தீர்ந்த பிஸ்கற் பைக்கற். பைக்கற் அப்படியே மினுங்கிக்கொண்டு கிடக்கும்.

ஆளே இல்லாத இந்தப் படங்களில் ஆளைத் தேடுகிறோம், அதனால்தான் கைத்தொலைபேசிக் காலத்திலும் (நம் கை சும்மா இருப்பது எப்போது?) அவற்றின் முன் நிற்கிறோம் என்பது எங்கள் எண்ணம். வாட்டுக்கு வரும் உறவினர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது அந்தக் கண்ணாடியைத்தான்.