மரு மறைந்த கதையும் பெற்றோரின் கையொப்பமும்

(மகளிர் நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், நம்மவர் கூடும் மண்டபங்களில் பெரும்பாலும் பேசப்படாத ஒன்று. பிறப்புறுப்பில் தோன்றும் மருக்களைப் பற்றியும், அவற்றை ஒரு தடுப்பூசி எவ்வாறு ஏறத்தாழ ஒழித்தது என்பதைப் பற்றியும் பேசப்போகிறேன். முகம் சுளிக்க வேண்டாம். வாய் சொல்லக் கூசுவதை உடல்தான் சுமக்க வேண்டியிருக்கிறது. இந்த நோய் வந்த இளம்பெண்கள் பலர் தாயிடமும் சொல்வதில்லை, மருத்துவரிடமும் போவதில்லை.

மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்பதைச் சுருக்கமாக எச்.பி.வி. என்கிறோம். இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையிலும் காலிலும் வரும் சாதாரண மரு ஒரு சில வகைகளால் வருவது. பிறப்புறுப்பு மருக்களில் பத்தில் ஒன்பதுக்கு 6, 11 என்ற எண்களைக் கொண்ட இரண்டு வகைகளே காரணம். கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு 16, 18 ஆகிய வேறு இரண்டு வகைகள் காரணம். ஆகவே, மரு வந்துவிட்டதாலேயே புற்றுநோய் வந்துவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. மரு உயிரைப் பறிப்பதில்லை; ஆனால் நிம்மதியைப் பறித்துவிடும். மருந்து தடவினாலும், உறையவைத்து அகற்றினாலும் பலருக்கு மீண்டும் மீண்டும் முளைக்கும்.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த வைரஸ் உடலில் புகுந்து, மாதக் கணக்கில், சில வேளை ஆண்டுக் கணக்கில், எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கக்கூடும். அதனால் மரு தோன்றிய நாளை வைத்து, அது யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் சந்தேகிப்பதற்கு இந்நோய் சாட்சியாகாது.

இனித் தடுப்பூசிக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயான் ஃபிரேசர் என்பவரும், சீனாவிலிருந்து வந்த ஜியன் சோ என்பவரும் 1991-ஆம் ஆண்டு இந்த வைரஸின் மேலுறையை மட்டும் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள். நெல்லைப் போலவே தோன்றும் பதரை நீங்கள் அறிவீர்கள். வெளியே உமி இருக்கும். உள்ளே அரிசி இருக்காது. பதரை விதைத்தால் பயிர் முளைக்காது. அதுபோல இந்தத் தடுப்பூசியில் வைரஸின் உறை உண்டு, உயிர்க்கரு இல்லை. எனவே அது நோயை உண்டாக்காது. ஆனால் நம் உடல் அந்த உறையை அடையாளம் கண்டுகொண்டு, உண்மையான வைரஸ் வரும்போது தடுத்து நிறுத்தும் ஆற்றலை முன்கூட்டியே பெற்றுவிடுகிறது.

2007-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆஸ்திரேலிய அரசாங்கம் 12, 13 வயதுப் பள்ளி மாணவியருக்கு இதை இலவசமாகப் போடத் தொடங்கியது. 26 வயது வரையிலான பெண்களுக்கும் 2009-ஆம் ஆண்டின் இறுதிவரை வாய்ப்பு வழங்கப்பட்டது. அங்குப் பயன்படுத்தப்பட்ட கார்டசில் என்ற தடுப்பூசி, புற்றுநோய்க்குக் காரணமான இரு வகைகளோடு மருவுக்குக் காரணமான இரு வகைகளையும் தடுப்பது.

அதன் பலனைப் பாருங்கள். அந்நாட்டின் 8 பாலியல் நல மருந்தகங்களுக்கு 2004 முதல் 2011 வரை முதன்முறையாக வந்த 85,770 பேரின் விவரங்களை ஆய்வாளர்கள் திரட்டி, 2013-இல் வெளியிட்டார்கள். 2007-இல், அங்கு வந்த 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களில் 11.5 விழுக்காட்டினருக்கு மரு இருந்தது. 2011-இல் அது 0.85 விழுக்காடு! அதாவது, நூறு பேரில் பதினொருவருக்கு மேல் இருந்த நோய், நான்கே ஆண்டுகளில் ஒருவருக்கும் குறைவாகிவிட்டது.

இதற்குத் தடுப்பூசிதான் காரணமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே மருந்தகங்களுக்கு வந்த 30 வயதைக் கடந்த பெண்களிடம் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படவில்லை. அவர்கள் இலவசத் திட்டத்தின் வயது வரம்புக்கு அப்பாற்பட்டவர்கள். மேலும், தடுப்பூசி போட்டுக்கொண்டதாகக் கூறிய 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்கள் 235 பேரில், 2011-இல் ஒருவருக்குக்கூட மரு காணப்படவில்லை.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. அக்காலத்தில் இளைஞர்களுக்கு இத்திட்டத்தில் தடுப்பூசி கிடையாது. இருந்தும், பெண்களோடு உறவுள்ள 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண்களிடையே மரு 12.1 விழுக்காட்டிலிருந்து 2.2 விழுக்காடாகக் குறைந்தது. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசிந்தது! பின்னர் 2013 முதல் அந்நாடு பையன்களையும் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

தாயின் பாதுகாப்பு பிள்ளைக்கும் சேர்கிறது. தாய்க்கு இருக்கும் 6, 11 வகை வைரஸ், பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றி, தொண்டையில் கட்டிகள் வளர்ந்து மூச்சை அடைப்பது உண்டு. அரிதான நோய்தான், ஆனால் அக்குழந்தைகள் அறுவை சிகிச்சைக்குப் பலமுறை உள்ளாக நேரிடும். ஆஸ்திரேலியாவில் 2012 முதல் 2016 வரை இந்நோய் குறைந்துகொண்டே வந்தது. அவ்வைந்து ஆண்டுகளில் கண்டறியப்பட்ட 15 புதிய குழந்தை நோயாளிகளில், எவருடைய தாயும் கருவுறுவதற்கு முன் தடுப்பூசி போட்டிருக்கவில்லை.

மருவைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்றால், அது விரைவில் விடை தரும் நோய். தொற்றிய சில மாதங்களில் மரு தோன்றும். புற்றுநோய் உருவாகப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். தடுப்பூசி பலிக்கிறது என்பதை உலகுக்கு முதலில் காட்டியது மரு மறைந்ததே. புற்றுநோய்க்கான சான்று பின்னால் வந்தது. 17 வயதுக்கு முன் தடுப்பூசி பெற்ற பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய் 88 விழுக்காடு குறைவு என்று சுவீடன் நாட்டு ஆய்வு 2020-இல் தெரிவித்தது.

இதன் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். இது வருமுன் காப்பது. வந்த மருவைக் குணமாக்காது. எல்லாத் தடுப்பூசிகளும் மருவைத் தடுப்பதில்லை. செர்வாரிக்ஸ் என்பது 16, 18 வகைகளுக்கு எதிராக மட்டும் செய்யப்பட்டது. பிரிட்டன் 2008-இல் அதைக் கொண்டு தொடங்கி, 2012-இல் கார்டசிலுக்கு மாறியது. ஆகவே, போடப்படுவது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊசி போட்ட பெண்களும் உரிய வயதில் கருப்பை வாய்ப் பரிசோதனையைச் செய்துகொள்ளத்தான் வேண்டும்.

நம் பக்கத்திலும் இதற்குக் கதவு திறந்திருக்கிறது. மலேசியா 2010-ஆம் ஆண்டு 13 வயது மாணவியருக்காகத் தன் திட்டத்தைத் தொடங்கியது. சிங்கப்பூர் 2019-இல் உயர்நிலை ஒன்று மாணவியருக்குப் பள்ளியிலேயே இலவசமாகப் போடத் தொடங்கியது. ஆனால் பள்ளியிலிருந்து ஒப்புதல் பாரம் வீட்டுக்கு வரும்போது, "என் மகள் நல்ல முறையில் வளர்ந்தவள், அவளுக்கு இது எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு என் பதில் இதுதான். உங்கள் மகள் ஒழுக்கத்தில் சிறந்தவளாகவே இருக்கட்டும். நாளை அவளுக்கு நீங்களே பார்த்து ஒரு மாப்பிள்ளையை முடித்துவைப்பீர்கள். ஜாதகம் பார்ப்பீர்கள், குடும்பம் விசாரிப்பீர்கள். அவர் உடலில் அறிகுறியின்றி இருக்கும் வைரஸை எந்த ஜாதகத்தில் பார்ப்பீர்கள்? கணவன் ஒருவனையே அறிந்த பெண்ணுக்கும் இது வரும். அவளுடைய ஒழுக்கத்துக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பே இல்லை. வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பயன் என்பதால்தான், அது இந்த இளம் வயதில் போடப்படுகிறது.

தாய்மார்களே, தந்தையர்களே! காது குத்துவதற்கும் பள்ளியில் சேர்ப்பதற்கும் நல்ல நாள் பார்க்கிறோம். இதற்குரிய நல்ல காலம், அந்தப் பாரம் வீட்டுக்கு வரும் காலமே. ஐயம் இருந்தால் மருத்துவரிடமோ தாதியரிடமோ கேளுங்கள். தெளிந்தபின் கையெழுத்திட்டுக் கொடுங்கள். மகளுக்கும் காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். தன் உடலைப் பற்றித் தாயிடம் கூச்சமின்றிக் கேட்கலாம் என்ற துணிவும் அன்றே அவளுக்குக் கிடைக்கட்டும்.